'காது அடைச்ச மாதிரியே இருக்குங்க...' நடுச்செவியில் தேங்கும் நீர், கத்தியில்லாமல் சரியாகுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்குக் காது மந்தமானால், பழி முதலில் மெஷின் மேல்தான் விழும். 'இத்தனை வருஷம் நிட்டிங்ல நின்னா காது எப்படிங்க கேக்கும்?' என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். கேட்பவரும் 'அதுவும் சரிதான்' என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தப் பழி பல நேரம் நியாயமானதுதான். வருடக்கணக்கில் இரைச்சலுக்கு நடுவே நின்றால், உட்செவியில் இருக்கும் நுண்ணிய உணர் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். ஆனால், சளி பிடித்து ஒரு வாரம் கழித்து ஒரு காது மட்டும் கம்மென்று அடைத்துக்கொள்கிறதா? குனிந்து நிமிரும்போது உள்ளே ஏதோ தளும்புவதுபோல இருக்கிறதா? சொந்தக் குரலே பானைக்குள் பேசுவதுபோல முழங்குகிறதா? அப்படியென்றால் மெஷினைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். செவிப்பறைக்குப் பின்னால், நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. இரைச்சலால் நிரந்தரமாகப் போன செவித்திறன் திரும்பி வராது. நீர் தேங்கியதால் குறைந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்பிவிடும். பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. எந்த அடைப்பு என்று தெரிந்துகொள்வதுதான் வைத்தியத்தில் பாதி.

இது குளித்த தண்ணீர் இல்லை

'தலைக்குக் குளிச்சப்போ காதுல தண்ணி போயிடுச்சு' என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். காதுக்கு வெளியே இருந்து போகிற தண்ணீர் செவிப்பறை வரைக்கும்தான் போகும். செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை அதைத் தாண்டி ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காது. நடுச்செவியில் தேங்குவது, உள்ளேயே ஊறுகிற நீர்.

நடுச்செவி என்பது ஒரு சின்ன காற்றறை. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் ஒலியின் அதிர்வை உள்ளே கடத்துவது இந்த அறைக்குள்தான். இதற்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு இறங்கும் யூஸ்டேஷியன் குழாய்தான் அது. 16-ம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. பெரியவர்களுக்கு இதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்.

இந்தக் குழாய் எப்போதும் திறந்திருக்காது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் திறந்து மூடிக்கொள்ளும். அப்போது காதுக்குள் லேசாக 'டிக்' என்று கேட்கிறதல்லவா, அது குழாய் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

சளி, தூசு அலர்ஜி, சைனஸ் தொல்லை, புகைப்பழக்கம் போன்றவற்றால் மூக்கின் பின்பக்கம் வீங்கினால் குழாயின் வாய் சரியாகத் திறக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை நடுச்செவியின் மெல்லிய சவ்வு மெதுவாக உறிஞ்சிவிடும். அழுத்தம் குறையும். செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். நாம் 'அடைப்பு' என்று சொல்வது முதலில் இதைத்தான். இது நீடித்தால் சவ்விலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்பத் தொடங்கும். தொடக்கத்தில் தண்ணீர்போல இருக்கும். நாளாக ஆக, பசைபோலக் கெட்டியாகலாம்.

ஓவர்லாக், ரைசிங் போன்ற பிரிவுகளில் பறக்கும் பஞ்சுத் துகள் மூக்கை உறுத்தும். ஏற்கெனவே தூசு அலர்ஜி உள்ளவர்களுக்கு மூக்கடைப்பை அது இன்னும் கூட்டும். முகக்கவசம் காதுக்கும் உதவும் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெஷின் ஓடும் இடத்தில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். அதனால் காதில் நீர் தேங்கியவருக்கு அங்கே குறையே தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து, மெதுவாகப் பேசுகிற மனைவியோ மகளோ, 'ஏனுங்க, கூப்பிட்டது கேக்கலீங்களா?' என்று கேட்கும்போதுதான் விஷயமே வெளியே வரும்.

ஊட்டி பஸ் சொல்லித்தரும் பாடம்

காது அழுத்தத்தைப் புரிந்துகொள்ள, லீவு நாளில் ஊட்டிக்குப் போய் வந்தாலே போதும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். நடுச்செவிக்குள் இருக்கும் காற்று தானாகவே குழாயைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் ஏறும்போது பெரிய தொல்லை இருக்காது.

இறங்கும்போது கதை தலைகீழ். இப்போது காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு நாம் விழுங்கியோ கொட்டாவி விட்டோ குழாயைத் திறந்துவிட வேண்டும். சளியோடு இறங்கினால் குழாய் திறக்காது. பர்லியாறு தாண்டும் முன்பே காது அடைத்துவிடும்.

ஆர்டர் விஷயமாக கோவையிலிருந்து விமானம் ஏறும் ஏற்றுமதியாளர்களுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் நடப்பது இதேதான். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோலத்தான் வைக்கப்படும். அதாவது, ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. தரையிறங்கும் அரைமணி நேரம், ஊட்டியிலிருந்து மலையடிவாரத்துக்கு மளமளவென்று இறங்குவதற்குச் சமம். அந்த நேரத்தில் தூங்கக் கூடாது. சூயிங்கம் மெல்லலாம், மிட்டாய் சப்பலாம், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். கடுமையான சளி இருந்தால், முடிந்தவரை பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

மூக்கைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகள்

குழாயைத் திறந்து காற்றை உள்ளே அனுப்பிவிட்டால், அழுத்தம் சமமாகும். தேங்கிய நீரும் தொண்டைப் பக்கமாக வடிய வழி பிறக்கும். கத்தியில்லாத சிகிச்சைகளின் அடிப்படை இதுதான்.

விழுங்கும் முறை: இரண்டு மூக்குத் துவாரங்களையும் விரலால் மூடிக்கொண்டு ஒரு மடக்கு தண்ணீர் விழுங்க வேண்டும். 19-ம் நூற்றாண்டு லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாயின்பியின் பெயரால் அழைக்கப்படும் முறை இது. ஊத வேண்டிய அவசியம் இல்லாததால் முதலில் இதையே முயன்று பார்க்கலாம்.

ஊதும் முறை: மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை வெளியேற்ற முயல வேண்டும். காதில் லேசாக 'டப்' என்று கேட்டால் போதும், நிறுத்திவிடலாம். இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வால்சால்வா, 1704-ல் வெளியான காது பற்றிய தன் நூலில் இதை விவரித்தார். அவர் இதைச் சொன்னது, காதுக்குள் சேர்ந்த சீழை வெளியேற்ற.

மருத்துவமனையில் செய்வது: வியன்னாவைச் சேர்ந்த ஆடம் பொலிட்சர் 1863-ல் அறிமுகப்படுத்திய முறை. நோயாளி தண்ணீர் விழுங்கும் அதே கணத்தில், ஒரு ரப்பர் பையை அழுத்தி மூக்கின் ஒரு துவாரம் வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள். இதே வேலையைச் செய்யும் பேட்டரி கருவிகளும் இப்போது இருக்கின்றன.

இவற்றில் ஒரு எச்சரிக்கை முக்கியம். 'இன்னும் கொஞ்சம் அழுத்தினா திறந்துடும்' என்று முக்கி முக்கி ஊதக் கூடாது. அளவுக்கு மீறிய அழுத்தம் உட்செவியின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடலாம். மூக்கில் கெட்டியான மஞ்சள் சளி ஒழுகும்போதும், காதில் வலியோ சீழோ இருக்கும்போதும் ஊதும் பயிற்சி வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும், அண்மையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

மூக்கால் ஊதும் பலூன்

ஊதும் முறை சிலருக்கு எத்தனை தடவை செய்தாலும் பிடிபடாது. அவர்களுக்கென்று வந்ததுதான் மூக்கு பலூன். ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, மற்றதில் பலூன் மாட்டிய சின்னக் குழலை வைத்து மூக்காலேயே ஊத வேண்டும். பலூன் உப்பும்போது உண்டாகும் அழுத்தம் குழாயைத் திறக்க உதவும்.

இங்கிலாந்தில் 4 முதல் 11 வயது வரையிலான 320 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. வழக்கமான கவனிப்போடு தினமும் 3 தடவை பலூன் ஊதிய குழந்தைகளில், ஒரு மாதத்தில் 47 சதவிகிதம் பேருக்கு நடுச்செவி அழுத்தம் சீரானது. பலூன் ஊதாதவர்களில் அது 36 சதவிகிதம். அதிசயம் இல்லை என்றாலும், ஆபத்தில்லாத ஒரு வழிக்கு இது நல்ல பலன்தான். குழந்தைகளிடம் கிடைத்த இந்த எண்களைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், காத்திருக்கும் வாரங்களில் டாக்டர் ஆலோசனையோடு பெரியவர்களும் இதை முயலலாம்.

பிறந்தநாள் பலூனை வைத்து வீட்டிலேயே செய்துபார்க்க வேண்டாம். மருத்துவ பலூனின் அழுத்தம் கணக்கிட்டு வைக்கப்பட்டது. ரப்பர் அலர்ஜி உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் முன்...

காது அடைத்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 'சளி மாத்திரை' வாங்குவது நம் ஊர் வழக்கம். இதில் கவனிக்க வேண்டியவை நிறைய.

* மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளை 3 முதல் 5 நாள்களுக்கு மேல் போடக் கூடாது. தொடர்ந்து போட்டால் மருந்தே மூக்கை வீங்கவைக்கும்.

* மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் சில, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் உள்ளவர்கள் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது.

* பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஓவர்லாக் மெஷினிலோ கட்டிங் மெஷினிலோ உட்கார்ந்தால், காதுக்குப் பார்த்த வைத்தியம் விரலில் போய் முடியும். டூவீலர் ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

* கிருமித்தொற்று இல்லாமல் வெறுமனே நீர் தேங்கியிருந்தால் ஆன்டிபயாடிக் அதை வற்றவைக்காது.

* அலர்ஜியால் மூக்கு அடைத்திருந்தால், டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே அந்த அலர்ஜிக்கு நன்றாக உதவும். மற்றபடி, காதில் தேங்கிய நீரை அது நேராக வற்றச் செய்யாது.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீராக இருக்க வேண்டும். ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கும். அதற்காகக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போட்டுக் குனிந்து, கைதவறிச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் அங்கே போய்ச் சேராது

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், கோழி இறகு, ஊக்கு, பட்ஸ்... காது அடைத்தால் கை முதலில் தேடுவது இவற்றைத்தான். நீர் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். எண்ணெயும் பட்ஸும் நிற்பது இந்தப் பக்கம். எவ்வளவு ஊற்றினாலும் போய்ச் சேராது. சூடான எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஊக்கும் இறகும் செவிப்பறையைக் கிழிக்கும். பட்ஸ், வெளியே வர வேண்டிய மெழுகை உள்ளே தள்ளி, இல்லாத அடைப்பை உண்டாக்கும்.

'ம்ம்ம்' என்று ஒரு சோதனை

காது அடைப்பு மூன்று விதமாக இருக்கலாம். வெளியே மெழுகு, நடுவில் நீர், உள்ளே நரம்பு. முதல் இரண்டும் பெரும்பாலும் சில நாள் காத்திருக்கும். மூன்றாவது காத்திருக்காது.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று தொடர்ந்து முனக வேண்டும். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால், மெழுகு அல்லது நீராக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கும் காதின் பக்கம் சத்தம் பலமாகக் கேட்டால், அடைத்த காதின் நரம்பில் கோளாறு இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டர் நெற்றியில் இசைக்கவையை வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

தூங்கி எழுந்ததும் அல்லது ஓரிரு நாளுக்குள் ஒரு காது திடீரென்று கேட்காமல்போனால், சோதனையில் எது வந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீர் நரம்புச் செவிக்குறைவுக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாள்களுக்குள், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்க முடியும். 'சளி அடைப்புதான், சரியாப்போயிடும்' என்று சனிக்கிழமை சம்பள நாள் வரை தள்ளிப்போட்டவர்கள் இழப்பது இந்த நாள்களைத்தான்.

ஒரு பக்கம் மட்டும், அதுவும் வாரக்கணக்கில்...

பெரியவர்களுக்குச் சளியோடு வந்த நடுச்செவி நீர் பெரும்பாலும் சில வாரங்களில் வற்றிவிடும். சிலருக்கு 3 மாதம் வரைகூட ஆகும். ஆனால், சளியே இல்லாமல் ஒரு காதில் மட்டும் நீர் தேங்கினாலும், ஒரு பக்க அடைப்பு 3, 4 வாரங்களைத் தாண்டினாலும் மூக்கின் பின்பக்கத்தை எண்டோஸ்கோப்பியில் பார்த்தே ஆக வேண்டும். யூஸ்டேஷியன் குழாயின் வாயை ஒரு கட்டி அடைத்திருக்கலாம். கழுத்தில் கட்டி, மூக்கிலிருந்து ரத்தக் கசிவு ஆகியவை கூடவே இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூக்கின் பின்பக்கப் புற்றுநோய் தமிழ்நாட்டில் அரிது. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் 'காது அடைக்குது' என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காது வலியோடு காய்ச்சல், சீழ், தலைசுற்றல், முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

ஒரு ஷிப்ட் போய்விடுமே?

ஒரு நாள் டாக்டரிடம் போனால் ஒரு ஷிப்ட் கூலி போய்விடும் என்பதுதான் பலருடைய தயக்கம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், இ.எஸ்.ஐ பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவிகிதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவிகிதம். டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், உரிய 6 மாத காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கும்பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவிகிதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை இதைப் பெறலாம்.

பீஸ் ரேட்டில், இ.எஸ்.ஐ இல்லாமல் வேலை செய்பவர்கள் தாராபுரம் ரோட்டில் இருக்கும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் 'டிம்பனோமெட்ரி' வலியில்லாத சோதனை. காதில் சின்ன அடைப்பானை வைத்து அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் கோடு மலைபோல எழும்பினால் நல்லது. தட்டையாகப் படுத்துவிட்டால் பெரும்பாலும் உள்ளே நீர்தான். கூடவே ஆடியோகிராமும் எடுத்தால், செவித்திறன் குறைவில் நீரின் பங்கு எவ்வளவு, நரம்பின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

3 மாதம் கடந்தும் நீர் வற்றவில்லை, பேச்சு புரியவில்லை என்றால், செவிப்பறையில் சின்னத் துளையிட்டு 'குரோமெட்' என்ற குட்டிக் குழாயை வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். 1954 முதல் பழக்கத்தில் இருக்கும் சிகிச்சை அது. பயப்பட ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில் தேவைப்படுவதும் இல்லை.

அதுவரை இரைச்சலான இடத்தில் காதடைப்பானைக் கழற்றிவிட வேண்டாம். 'ஏற்கெனவே அடைச்சுத்தானே இருக்கு' என்று விட்டுவிட்டால், நீர் வற்றிய பிறகும் திரும்பாத இழப்பை இரைச்சல் உண்டாக்கிவிடும். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் உச்சவரம்பு. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குக் காது தாங்கும் அளவு இன்னும் குறைவு.

சளி விட்டு இரண்டு வாரமாகியும் காது திறக்கவில்லையா? அடுத்த வாரத்தில் ஒரு அரை நாளை இப்போதே ஒதுக்கி, சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதற்கு அந்த அரை நாள் போதும்.